காட்டுக்குக் காவல் யார்?

சேலத்திலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ரயிலில் சென்றிருக்கிறீர்களா? பாலக்கோட்டைத் தாண்டியதும் வருவது மாரண்டஹள்ளி. அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. அதற்கப்பால் ஓசூர் வரை விட்டுவிட்டுத் தொடரும் காடுகள், யானைகள் நடமாடும் காடுகள்.

2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே ஒரு நிலத்தில், பயிரைக் காக்கச் சட்டவிரோதமாகக் கட்டியிருந்த மின்கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். செய்தித்தாள் வாசகர்களுக்கு அத்துடன் முடிந்த கதை இது. ஆனால் காட்டோரத்து உழவருக்கும் வனத்துறைக்கும் இடையே உள்ள உறவின் கதை 200 ஆண்டுப் பழமையானது. அதன் முதல் ஏடு இதே மண்ணில்தான் தொடங்குகிறது.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியார் கைக்கு வந்தது. அதை நிர்வகித்த கேப்டன் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் ஏழாண்டுகள் வாழ்ந்தவர் தாமஸ் மன்றோ. ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து, குடியானவர்களுடன் பேசிப் பழகியவர். பின்னாளில் அவர் சென்னையின் கவர்னரானபோது மலபாரில் ஒரு குழப்பம் இருந்தது. 1806-இல் அங்கு நியமிக்கப்பட்ட கேப்டன் வாட்சன் என்னும் வனப் பாதுகாவலர், கப்பல் கட்டும் தேக்குக்காகக் காடுகள் முழுவதையும் அரசின் ஏகபோகமாக்கியிருந்தார். குடிகளும் வணிகர்களும் முறையிட்டனர். மன்றோ அப்பதவியையே ஒழித்துவிட்டார்.

அதனால் காடு பிழைத்ததா? இல்லை. 1860-களில் ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்திற்கு ரயில் வந்தது. அக்கால இன்ஜின்கள் விறகைத் தின்றன. தண்டவாளத்திற்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரமே வேண்டும். 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரான டாக்டர் கிளெக்ஹார்ன் இதைக் கண்டு கவலைப்பட்டார். காடு அழிந்ததற்கு இன்றும் ஆட்டைப் பழிப்போர் பலர். இன்ஜினைப் பழிப்போர் குறைவு!

பிறகு சட்டம் வந்தது. 1878-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் உடனே ஏற்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இங்குள்ள வருவாய் வாரியம் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றது. மாகாணத்துக் காடுகள் ஏதேனும் ஒரு கிராம எல்லைக்குள் அடங்கியவை, மேய்ச்சலும் விறகும் அக்கிராமத்தாரின் பழைய உரிமைகள் என்பது அதன் வாதம். இறுதியில் ஜெர்மானியரான பிராண்டிஸ் இங்கு வந்து ஆராய்ந்தார். 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக்காடுகளுடன் கிராமக் காடுகளும் வேண்டும் என்பது பிராண்டிஸின் விருப்பம். காப்புக்காடுகள் பெருகின, கிராமக் காடுகள் அவர் எண்ணியபடி வளரவில்லை. நேற்றுவரை மாடு மேய்த்த இடத்தில் எல்லைக்கல் நடப்பட்டது. மேய்ப்பதற்குச் சீட்டு, சீட்டுக்குக் கட்டணம், தவறினால் அபராதம்!

குமுறல் அதிகமாகி, 1913-இல் அரசு ஒரு வனக் குழுவை அமைத்தது. குடிகளுக்கு மட்டுமே பயன்படும் மேய்ச்சல் காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்று அது பரிந்துரைத்தது. அவ்வாறே வனப் பஞ்சாயத்துகள் தோன்றின. குமாவோன் மலைப்பகுதியில் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தது 1931-இல்தான். அங்கே அவை இன்றும் உள்ளன. முன்னோடியான நம் மாகாணத்திலோ நிலைக்கவில்லை.

அடுத்த ஏடு வங்காளத்தில். மேதினிப்பூர் மாவட்டம் அரபாரியில் 1970-களின் தொடக்கத்தில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி ஆராய்ச்சிக்காக மரம் வளர்த்தார். சுற்றியிருந்த மக்கள் வெட்டிக்கொண்டே இருந்தனர். காவலைக் கூட்டுவதற்குப் பதில் அவர் பேசத் தொடங்கினார். 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்கும். அவர்களுக்கு வேலையும், விற்பனை வருவாயில் 25 விழுக்காடும் கிடைக்கும். இதுதான் ஒப்பந்தம். இதன் உயிரியல் எளிது. வெட்டுண்ட சால் மரத்தின் அடிக்கட்டையில் வேர் சாவதில்லை. மறுபடி வெட்டாமல் விட்டால் அது தானே துளிர்க்கும். அங்கே நாற்றைவிட நம்பிக்கைதான் அதிகம் தேவைப்பட்டது. 1988 தேசிய வனக் கொள்கையும், 1990 ஜூன் 1-ஆம் நாள் மத்திய அரசின் சுற்றறிக்கையும் இம்முறையை நாடெங்கும் கொண்டு சென்றன.

தமிழகத்தில் 1997-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கிற்று. காட்டோரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைந்தன. வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர். தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் வெட்டினர். விறகு வெட்டிப் பிழைத்தோருக்குக் கறவை மாடு வாங்கச் சுழல்நிதிக் கடன் கொடுத்தனர். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஒரு குறை: தலைவர் ஊரார், உறுப்பினர்-செயலரோ வனவர். பேனா அவர் கையில்! திட்டப் பணம் நின்றதும் குழுவும் உறங்கிவிடுவது உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதைவிட ஒருபடி மேலே போய், காட்டைக் காக்கும் உரிமையையே கிராமசபைக்குத் தருகிறது.

யானை இரவில் வரும்போது அதை முதலில் அறிபவர் வயலில் காவல் கிடப்பவர். அவர் கூப்பிட்டால் வனத்துறை வரும், பயிர் இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், அவர் மின்கம்பியை நாடும் அவசியம் குறையும். உங்கள் ஊர் காட்டோரம் இருக்குமானால், அங்கே வனக்குழு உண்டா என்று விசாரியுங்கள். உண்டென்றால் அதன் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசிக் கூட்டம் எந்த ஆண்டில் நடந்தது என்று பாருங்கள்.