பல கோணங்களில் ஒரு முகம்: கணினிவழி முகமறிதலின் வளர்ச்சி

பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன், கைதானவரை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படமெடுக்கும் முறையை 1880களில் ஒழுங்குபடுத்தினார். மூக்கின் விளிம்பும் நெற்றியின் சரிவும் காதின் அமைப்பும் பக்கவாட்டில்தான் தெளிவாகப் பிடிபடும். கோணம் மாறும்போது புதிய தகவல் கிடைக்கிறது என்ற இந்த அறிவு கணினித் துறையில் வேரூன்றத் தாமதமாயிற்று. தலை திரும்புவதை அங்கு நெடுநாள் ஒரு பிழையாகவே கருதினார்கள்.

1960களின் நடுவில் கலிபோர்னியாவில் வுட்ரோ பிளெட்சோ செய்த ஆய்வில், கண், உதட்டோரம் முதலிய புள்ளிகளை ஊழியர் ஒருவர் கையால் குறிப்பார். அவற்றுக்கு இடையிலான 20 தூரங்களைக் கணினி கணக்கிடும். தலை சற்றுத் திரும்பினாலும் தூரங்கள் மாறிவிடும். பொதுவான முப்பரிமாணத் தலை ஒன்றின் அளவுகளைக் கொண்டு அவர் முகத்தை நேராக்கிக் கணக்கிட்டார். அக்காலக் கணினிகளை எண்ணும்போது இது வியக்கத்தக்க முன்யோசனை.

1994இல் மோசஸ், அடினி, உல்மன் மூவரும் சிக்கலின் ஆழத்தைக் காட்டினர்: ஒளியும் கோணமும் மாறும்போது ஒருவரின் இரு படங்களுக்கிடையே உண்டாகும் வேறுபாடு, பெரும்பாலும் இரு வேறு மனிதர்களின் படங்களுக்கிடையே உள்ளதைவிட அதிகம். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் பென்ட்லேண்ட் குழு ஒவ்வொரு கோணத்துக்கும் தனி மாதிரியை உருவாக்கியது. அங்கேயே டேவிட் பெய்மர் ஒவ்வொருவருக்கும் 15 கோணப் படங்களைச் சேர்த்து ஒப்பிட்டார். கோணத்தை அழிக்காமல் ஏற்றுக்கொண்ட முயற்சிகள் இவை.

ஆனால் தலையைத் திருப்பச் சொல்லி அடுத்தடுத்து எடுத்த படங்களில் முகபாவமும் கூடவே மாறியிருக்கலாம். தவறு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2000 அக்டோபர் முதல் டிசம்பர் வரை உருவான பை தரவுத்தொகுப்பு இதற்கு வழி கண்டது. 68 பேர், 13 கேமராக்கள், 41,368 படங்கள். ஒன்பது கேமராக்கள் தலை உயரத்தில், இடப்பக்கத் தோற்றம் முதல் வலப்பக்கத் தோற்றம் வரை, சுமார் 22.5 பாகை இடைவெளியில் வில்லாக நின்றன. இரண்டு, நடுக் கேமராவுக்கு மேலும் கீழும். மீதி இரண்டு, கண்காணிப்புக் கேமரா இருக்கக்கூடிய அறை மூலைகளில். ஒரே முகபாவத்தையும் ஒரே ஒளியையும் பல கோணங்களில் காண முடிந்ததால், கோணத்தின் விளைவைத் தனியே அளக்க வழி பிறந்தது. இத்துறையின் உண்மையான திருப்புமுனையாக நான் கருதுவது இதைத்தான். பின்வந்த மல்ட்டி-பை தொகுப்பு 337 பேரை 15 கோணங்களில் பதிவுசெய்தது.

இதற்கிடையே பிளான்ஸ், ஃபெட்டர் இருவரும் 200 தலைகளின் லேசர் அளவீடுகளிலிருந்து முப்பரிமாண முகமாதிரியை 1999இல் வெளியிட்டனர். பிளெட்சோவின் பொதுத்தலை அதன்மூலம் ஒவ்வொருவருக்கும் ஏற்ப வளையக்கூடியதாயிற்று.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பல கேமராக்களின் பயன் வேறுவிதமாக அமைந்தது. ஆஸ்திரேலியாவில் 2011இல் வெளியான சோக்பாயின்ட் தொகுப்பில், வாயிலுக்கு மேல் மூன்று கேமராக்கள் பொருத்தப்பட்டன. நடந்து வருபவர் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதேனும் ஒன்றிலாவது ஓரளவு நேர்முகம் கிட்டும் என்பதே நோக்கம். பல கோணங்களை ஒன்றுசேர்க்க வந்த ஏற்பாடு, அவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் உதவியது. 2015இல் வந்த ஐஜேபி-ஏ தொகுப்பு மறுதிசையில் சென்றது: ஒருவரின் எல்லாப் படங்களையும் காணொளிச் சட்டங்களையும் ஒரே அலகாகக் கொண்டு ஒப்பிடச் சொன்னது. ஆழ்கற்றல் பரவிய பின்னரும், 2016இல் பிரபலங்களின் படங்களைக் கொண்டு நடந்த ஒரு சோதனையில், நேர்முகத்தைப் பக்கவாட்டுடன் ஒப்பிட்டபோது பல நிரல்களின் துல்லியம் 10 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மனிதரின் துல்லியம் சிறிதளவே குறைந்தது.