ஏழுக்கு நாலு

எழுபதுகளில் எங்கள் தோட்டத்து உதைபந்தாட்டக் குழு தோற்றதற்கெல்லாம் பன்வில பெருசுகள் இன்றும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: "பின்வரிசைக்காரங்கள இந்தியாவுக்கு விட்டிருக்கக் கூடாது. தொரைகிட்ட சொல்லி நிறுத்தியிருக்கலாம்." நான் எதிர்க்கட்சி.

இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் 1974இல் சரிபாதியானது. முதற்பங்கு ஏழுக்கு நாலு. கூட்டினால் பதினொன்று, ஒரு குழு!

எங்கள் பின்வரிசை அண்ணன்மார் ஆசைப்பட்டா போனார்கள்? அப்பா எந்த நாட்டுக்கு மனுப் போட்டாரோ, பிள்ளைகளும் அந்தப் பக்கம். 1973, 74 பஞ்சத்தில் லயத்து அடுப்பே சரியாக எரியவில்லை. அப்போது பந்தை யார் நினைப்பார்? இந்தியப் பாஸ்போர்ட் வந்து, இங்கே தங்கும் விசாவும் முடிந்துபோன ஆளை எந்தத் தோட்டத் துரை நிறுத்துவார்? கண்டியில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து இராமேஸ்வரம் போனார்கள். அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள்.

1984இல் கப்பல் நின்றது. எஞ்சியவர்களுக்கு 1988, 2003 சட்டங்கள் இங்கேயே உரிமை கொடுத்தன. "பொறுத்திருந்தா ஆடியிருப்பாங்க" என்பார்கள் பெருசுகள். நடுவே 1977, 1983 இனக்கலவரங்கள் இருந்தனவே! வீரரை வைத்திருக்கும் அதிகாரம் குழுவுக்கு இருந்தால்தான் விட்டது குழுவின் குற்றம். இந்த ஆட்டத்தில் ஆள் தெரிவு செய்தவை இரண்டு அரசாங்கங்கள்.