பெரோடுவா அருஸ்: ஏழு பேர் குடும்பத்துக்கு ஏற்ற காரா?

கோலாலம்பூர்: 2019 ஜனவரி 15ஆம் தேதி, பொங்கல் நாளன்று, பெரோடுவா நிறுவனம் தனது புதிய எஸ்யூவி காரான அருஸை அதிகாரப்பூர்வமாக அறிமுகப்படுத்தியது. 1998இல் வந்த கெம்பாரா, 2008இல் வந்த நாட்டிகா ஆகியவற்றுக்குப் பிறகு அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய மூன்றாவது எஸ்யூவி இது. முந்தைய இரண்டும் ஐந்து பேர் அமரும் கார்கள். அருஸில் ஏழு பேர் அமரலாம்.

தாத்தா பாட்டி, கணவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என ஒரே வீட்டில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் குறையவில்லை. பத்துமலைக்கோ, கோலசிலாங்கூரில் நடக்கும் உறவினர் திருமணத்துக்கோ போக வேண்டுமென்றால் இரண்டு கார் எடுக்க வேண்டியுள்ளது. அல்லது ஐந்து பேர் காரில் ஏழு பேர் நெருக்கி உட்கார வேண்டியுள்ளது. அதனால்தான் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களில் இந்தக் காரைப் பற்றிய விசாரிப்பு அதிகமாக இருந்தது. ஒன்பது ஆண்டு கடன் என்பது சின்ன விஷயமல்ல. கையெழுத்துப் போடும் முன் இதன் நிறைகுறைகளை அறிந்துகொள்வது நல்லது.

விலையும் வகைகளும்

2019இல் அருஸ் இரண்டு வகைகளில் அறிமுகமானது. 1.5 எக்ஸ் வகையின் விலை அப்போது 72,900 வெள்ளி. 1.5 ஏவி வகையின் விலை அப்போது 77,900 வெள்ளி. தீபகற்ப மலேசியாவுக்கான இந்த விலைகளில் காப்புறுதி சேராது. ஐந்து ஆண்டுகள் அல்லது 150,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

இரண்டு வகைக்கும் எஞ்சின் ஒன்றே: 1,496 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 102 குதிரைத்திறன், 133 நியூட்டன் மீட்டர் இழுவிசை. கியர் நான்கு வேக ஆட்டோமேட்டிக், மேனுவல் கிடையாது. பின் சக்கரங்களே காரைத் தள்ளுகின்றன.

டொயோட்டா ரஷ், டைஹட்சு டெரியோஸ் ஆகிய கார்களும் அருஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அடிப்படை அமைப்பு ஒன்றுதான். 2019 தொடக்கத்தில் மலேசியாவில் ரஷ் 93,000 வெள்ளிக்கும் 98,000 வெள்ளிக்கும் விற்கப்பட்டது. வகைக்கு வகை ஒப்பிட்டால் அருஸ் 20,100 வெள்ளி மலிவாக இருந்தது. ரஷ்ஷில் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் வரும் வாகனத்தை எச்சரிக்கும் கருவி போன்ற சில கூடுதல் வசதிகள் உண்டு. ஆனாலும் எஞ்சினும் கியரும் ஒன்றே என்பதை மறந்துவிடக் கூடாது.

நிறைகள்

முதல் நிறை பாதுகாப்பு. ஆறு காற்றுப் பைகள், கார் வழுக்கும்போது கட்டுப்படுத்தும் விஎஸ்சி, மேட்டில் கார் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் வசதி ஆகியவை இரண்டு வகையிலும் உள்ளன. விலை குறைந்த வகையை வாங்குபவருக்கு உயிர்காக்கும் கருவி குறைவு என்ற பழைய வழக்கம் இதில் இல்லை. ஆசியான் என்கேப் சோதனையில் அருஸ் ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்றுள்ளது. பிள்ளைகளுக்கான இருக்கையைப் பொருத்த இரண்டாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் உண்டு.

இரண்டாவது, தரையிலிருந்து காரின் அடிப்பகுதி வரையுள்ள 220 மில்லிமீட்டர் உயரம். தோட்டப்புறச் செம்மண் சாலையிலும், குழி விழுந்த தாமான் சாலைகளிலும், மேடான வேகத்தடைகளிலும் அடி தட்டாமல் போக இது உதவும். முழுக் குடும்பமும் ஏறிய பிறகு சிறிய கார்கள் பின்பக்கம் தாழ்ந்து உரசுவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது, அளவு. காரின் நீளம் 4,435 மில்லிமீட்டர், அகலம் 1,695 மில்லிமீட்டர். ஏழு பேர் காருக்கு இது சிறிய உடல்தான். திரும்பும் ஆரம் 5.2 மீட்டர். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் தீபாவளி நெரிசலில் காரை நிறுத்த இடம் தேடுபவர்களுக்கு இது பெரிய உதவி.

நான்காவது, பராமரிப்பு. அருஸ் ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் உள்ள பெரோடுவா தொழிற்சாலையில் தயாராகிறது. சேவை மையங்கள் சிற்றூர்களிலும் இருக்கின்றன. எஞ்சின் 1,600 சிசிக்குக் கீழ் என்பதால் பெரிய எஸ்யூவிகளைவிடச் சாலை வரியும் குறைவு.

குறைகள்

முதல் குறை எஞ்சின் வலு. மைவி 1.5 காரில் உள்ள அதே குடும்பத்து எஞ்சின்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் அருஸ் மைவியைவிட ஏறக்குறைய கால் டன் எடை கூடியது. ஓட்டுநர் மட்டும் இருந்தால் வலு போதும். ஏழு பேரும் பைகளும் ஏறினால் இன்னும் 400 கிலோவுக்கு மேல் கூடிவிடும். அப்போது கெந்திங், கேமரன் மலை ஏற்றங்களிலும், நெடுஞ்சாலையில் லோரியை முந்தும்போதும் எஞ்சின் திணறும். இருவழிச் சாலையில் முந்த நினைப்பவர்கள் மைவியில் பழகிய கணக்கை இதில் போடக் கூடாது.

இரண்டாவது, நான்கு வேக கியர். நிரூபிக்கப்பட்ட எளிய அமைப்பு என்றாலும், ஐந்தாவது ஆறாவது கியர் இல்லாததால் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் அதிகம் சுழல வேண்டியுள்ளது. உள்ளே சத்தம் கேட்கும். எண்ணெயும் கூடுதலாகப் பிடிக்கும். தூரப் பயணத்தில் வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் குரூஸ் கண்ட்ரோலும் இல்லை. எண்ணெய்த் தொட்டி 45 லிட்டர். நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், தொட்டி நிரப்பினால் 450 கிலோமீட்டர்தான்.

மூன்றாவது, மூன்றாம் வரிசை. அதைப் பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான இடம் என்றே கொள்ள வேண்டும். பெரியவர்கள் அமர்ந்தால் முழங்கால் மேலெழும். கால்வலி உள்ள பாட்டியை அங்கே ஏற்ற முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசை இருக்கையை மடக்கித் தூக்க வேண்டும். கைக்குழந்தைக்கான இருக்கையைப் பொருத்திவிட்டால் அந்தப் பக்கத்து இருக்கையை மடக்க முடியாது. சிறு பிள்ளைகள் இருவர் இருக்கும் வீட்டில் ஏழு பேர் கார் ஐந்து பேர் காராகிவிடக்கூடும்.

நான்காவது, பொருள் வைக்கும் இடம். ஏழு இருக்கைகளையும் நிமிர்த்தினால் பின்னால் சில பைகளுக்குத்தான் இடம். மூன்றாம் வரிசையில் ஓர் இருக்கையை மடக்கினால் ஆறு பேரும் ஓரளவு பெட்டிகளும் போகலாம். ஏழு பேரும் வேண்டும், நான்கு நாள் துணியும் வேண்டும் என்றால் முடியாது.

ஐந்தாவது, தோற்றத்தைப் பார்த்து ஏமாறுவது. நான்கு சக்கர இயக்கம் இதில் இல்லை. மழைக்காலச் சேற்றில் செம்பனைக் காட்டுக்குள் போக இது பொருந்தாது. திடீர் வெள்ளத்தில் கார் உயரமாக இருக்கிறது என்று தண்ணீருக்குள் இறக்குவதும் ஆபத்து. வழக்கமான முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு தராது. அதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கிள்ளான், ஷா ஆலம் தாழ்நிலப் பகுதிகளில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

எக்ஸா, ஏவியா?

5,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் ஏவி வகையில் தோல் இருக்கை, தொடுதிரை, பின்னோக்கும் கேமரா, சாலையைப் பதிவு செய்யும் கேமரா ஆகியவை கிடைக்கும். இவற்றில் பலவற்றைப் பின்னர் வெளியில் பொருத்திக்கொள்ளலாம். பொருத்த முடியாதது ஒன்று உண்டு: ஏஎஸ்ஏ 2.0 எனப்படும் மோதல் தவிர்ப்பு முறை. முன்னால் உள்ள வாகனத்தையும் பாதசாரியையும் கண்டறிந்து எச்சரிக்கும். தேவைப்பட்டால் தானே பிரேக் போடும். பிரேக்குக்குப் பதில் தவறுதலாக எண்ணெய் மிதியை அழுத்தினாலும் தடுக்கும். தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த ஒன்றுக்காகவே ஏவி பொருத்தமானது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் எடுப்பவருக்கு எக்ஸ் போதும்.

தவணைக் கணக்கு

அந்த 2019 விலையில், ஏவி வகைக்கு 10 விழுக்காடு முன்பணம் 7,790 வெள்ளி. மீதி 70,110 வெள்ளி கடன். உதாரணத்துக்கு ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி என்று கொண்டால், ஒன்பது ஆண்டுக்கு மாதம் சுமார் 854 வெள்ளி. ஏழு ஆண்டுக்கு மாதம் சுமார் 1,039 வெள்ளி. ஒன்பது ஆண்டில் கட்டும் வட்டி மட்டும் 22,000 வெள்ளியைத் தாண்டும். ஏழு ஆண்டில் முடித்தால் ஏறக்குறைய 4,900 வெள்ளி மிச்சம். எக்ஸ் வகைக்கு, இதே வட்டியில், ஒன்பது ஆண்டுக்கு மாதம் சுமார் 799 வெள்ளி வரும்.

இதோடு எண்ணெய், டோல், காப்புறுதி, சாலை வரி, சேவைச் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓவர்டைம் பணத்தை நம்பித் தவணையை ஏற்பது ஆபத்து. ஓவர்டைம் நின்றாலும் தவணை நிற்காது.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அதற்கு முன் எழுத்துப்பூர்வ அறிவிப்பும் 21 நாள் அவகாசமும் தர வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டவரின் காரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. உறவினருக்காக உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கட்டாவிட்டால் கடன் கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும்.

மாற்று வழிகள்

பெரோடுவாவின் ஆல்சாவும் ஏழு பேர் அமரும் கார்தான். 2019இல் அதன் விலை அருஸைவிட 10,000 வெள்ளிக்கும் மேல் குறைவாக இருந்தது. தார்ச் சாலையிலேயே ஓட்டுபவர்களுக்கு அது போதுமானது. ஆனால் அப்போது அது பழைய வடிவமைப்பு. ஆறு காற்றுப் பைகள் அப்போது அதில் இருக்கவில்லை. அப்போது விற்பனையில் இருந்த ஹோண்டா பிஆர்-வியும் ஏழு பேர் காரே. சிவிடி கியர் என்பதால் ஓட்டம் மென்மை. ஆனால் விலை கூடுதலாக இருந்தது, காற்றுப் பைகள் இரண்டே இருந்தன. 2018 டிசம்பரில் வந்த புரோட்டோன் எக்ஸ்70 வலுவும் வசதியும் மிகுந்தது. அதன் விலை அப்போது 99,800 வெள்ளியில் தொடங்கியது, ஐந்து பேர் மட்டுமே அமரலாம்.

யாருக்குப் பொருந்தும்?

வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது ஆறு ஏழு பேர் பயணம் செய்யும் குடும்பம், அதில் இருவராவது பிள்ளைகள், சாலையும் கரடுமுரடு என்றால் இந்த விலையில் அருஸுக்கு இணை குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை தைப்பூசத்துக்கு மட்டுமே ஏழு பேர் போகும் வீட்டுக்கு மைவி போதும்; அந்த ஒரு நாளைக்கு வேன் வாடகைக்கு எடுத்தாலும் மிச்சமே. வீட்டில் முதியவர்கள் இருவருக்கு மேல் இருந்தால், இரண்டாம் வரிசையில் அவர்கள் அமர்ந்தபின் பிள்ளைகள் பின்னால் எப்படிப் போவார்கள் என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காரை ஓட்டிப் பார்க்கப் போகும்போது ஒருவர் மட்டும் போகாமல் வீட்டார் எல்லாரையும் அழைத்துப் போவது நல்லது. பாட்டி ஏறி இறங்கட்டும். குழந்தை இருக்கையைப் பொருத்திப் பார்க்கட்டும். ஏழு பேரும் அமர்ந்தபின் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கட்டும். விற்பனையாளரின் வார்த்தையைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லும்.