மலைத் திமிலைக் கடந்த சீன விமானங்கள்



கல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர்களுள் டம்டம் விமான நிலையத்தை அறியாதவர் இரார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த நிலையத்தில், சிறகின்மேல் பெரிய சீன எழுத்து ஒன்றைத் தாங்கிய விமானங்கள் வந்து இறங்குவது வழக்கம். அவ்வெழுத்துக்கு ‘நடு’ என்பது பொருள். தம் நாட்டை நடுநாடு என்று அழைப்பது சீனர் மரபு. அவ்விமானங்களுக்கு உரிமையாளர் சீன தேசிய விமானக் கம்பெனியார். அதன் வரலாற்றைச் சிறிது கூற விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களின்மேல்தான் முதலில் கண் செல்லும். விமானப் போக்குவரத்தைக் குறிக்கும் சீனச் சொல்லைப் பிரித்தால், வானத்தில் கலம் செலுத்துதல் என்ற பொருள் கிடைக்கிறது. இக்கம்பெனியின் தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஏனெனில், அதன் முதல் விமானங்கள் உண்மையிலேயே படகுகளாக இருந்தன.

1929 அக்டோபரில் ஷாங்காயிலிருந்து யாங்ட்சி நதியோரமாக ஹாங்காவ் நகருக்கு முதற் போக்குவரத்துத் தொடங்கியது. அக்காலத்துச் சீனாவில் நல்ல விமானத்தளங்கள் மிகக் குறைவு. ஆனால் ஆறு இருந்தது. நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல லோனிங் என்னும் சிறு விமானங்கள் நதியையே வழிகாட்டியாகவும் தளமாகவும் கொண்டன. மேகம் தாழ்ந்துவிட்டால் விமானியும் தாழ்ந்து, நீர்ப்பரப்பை ஒட்டியே பறந்து செல்வான். 1931-இல் வழி சுங்கிங் வரை நீண்டது. இடையே மலைகள் இருபுறமும் சுவராக எழும் பெரும் பள்ளத்தாக்குகள் உண்டு. நீராவிக் கப்பல் நாட்கணக்கில் எதிர்நீச்சலிட்டுக் கடந்த தொலைவை விமானம் மணிக்கணக்கில் கடந்தது.

1930-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நூற்றுக்கு 55 பங்கு சீன அரசாங்கத்துக்கும், 45 பங்கு அமெரிக்கருக்கும் உரியவை. அமெரிக்கப் பங்கு 1933-இல் பான் அமெரிக்கன் கம்பெனியின் கைக்கு மாறியது. பங்கில் சீனர் கை ஓங்கியிருந்தும், விமானி ஆசனத்தில் நெடுங்காலம் அமெரிக்கரே அமர்ந்தனர். சீனர் துணை விமானியாகவும், வானொலி இயக்குபவராகவும், இயந்திரப் பணியாளராகவும் இருந்தனர். ஊதியத்திலும் வேற்றுமை இருந்தது. இக்குறையை மறைத்து இக்கம்பெனியைப் புகழ்வது முறையாகாது. (பெங்களூரில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி: 1933-இல் சில காலம் இதன் தலைமைப் பொறுப்பில் இருந்த வில்லியம் பாலி என்பவர்தாம் பின்னர், 1940-இல், வால்சந்த் ஹீராசந்துடன் சேர்ந்து உங்கள் ஊரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றுவதற்கு உதவியவர்.)

1937-இல் ஜப்பான் சீனாவின்மேல் முழுப் போர் தொடுத்தது. அடுத்த ஆண்டு, 1938 ஆகஸ்டு 24-ஆம் நாள், ஹாங்காங்கிலிருந்து சுங்கிங் நோக்கிச் சென்ற ‘குவெய்லின்’ என்னும் பிரயாணி விமானத்தை ஜப்பானியப் போர் விமானங்கள் தாக்கின. விமானி ஹியூ வுட்ஸ் அதனை ஓர் ஆற்றில் இறக்கினார். இறங்கிய பின்னும் துப்பாக்கிச் சூடு நிற்கவில்லை. மூவர் மட்டுமே பிழைத்தனர். நீரிலிருந்து மீட்ட அவ்விமானத்தைச் செப்பனிட்டு, ‘சுங்கிங்’ என்று வேறு பெயரிட்டு மறுபடி பறக்கவிட்டார்கள். 1940 அக்டோபரில் ஜப்பானியர் அதனையும் அழித்தனர். அதன்பின் இரவும் மூடுபனியும்தாம் இக்கம்பெனிக்குக் காவல். பிற நாட்டு விமானிகள் வெயிலை வேண்டி நிற்பார்கள். இவர்கள் மழையை வேண்டி நின்றார்கள்.

பழுதுபார்ப்போரின் திறமைக்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். 1941 மே மாதத்தில் சூய்ஃபூ என்ற ஊரில் ஒரு டி.சி. 3 விமானத்தின் வலச்சிறகு குண்டுவீச்சால் அழிந்தது. மாற்றுச் சிறகு கைவசம் இல்லை. ஹாங்காங்கில் இருந்தது பழைய டி.சி. 2 வகையின் சிறகு; அதன் நீளமோ ஏறக்குறைய ஐந்தடி குறைவு. அதனையே மற்றொரு விமானத்தின் வயிற்றடியில் கட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஒருபுறம் நெடுஞ்சிறகும் மறுபுறம் குறுஞ்சிறகுமாக அவ்விமானம் ஹாங்காங் வந்து சேர்ந்தது. அதற்கு ‘டி.சி. இரண்டரை’ என்று பெயர் நிலைத்தது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஹாங்காங்கின்மேல் குண்டு விழுந்தது. கம்பெனியின் விமானங்கள் பல நின்ற இடத்திலேயே எரிந்தன. எஞ்சியவை அடுத்த சில இரவுகளில் இயன்றவரை மக்களை வெளியேற்றின. பின்னர் பர்மாவும் வீழ்ந்தது. 1942 மே மாதத்தில், டோக்கியோவைத் தாக்கித் திரும்பிய அமெரிக்கத் தளபதி டூலிட்டில், சீனாவிலிருந்து இந்தியா வரும்பொருட்டு இக்கம்பெனியின் விமானம் ஒன்றில் ஏறினார். அதனை ஓட்டியவர் மூன் சின் என்னும் சீன விமானி. வழியில் மிட்கினாவில் அகதிகள் திரண்டு நின்றார்கள். இருபத்தொரு பேருக்கு ஏற்ற விமானத்தில் எழுபது பேரளவில் ஏற்றிக்கொண்டு மூன் சின் கல்கத்தா வந்து சேர்ந்தார். விமானி ஆசனத்துக்கு யார் தகுதியுடையவர் என்ற வாதம் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும்.

பர்மாச் சாலை மூடப்பட்டதும், சீனாவுக்குப் பொருள் செல்ல வானவழி ஒன்றுதான் எஞ்சியது. அஸ்ஸாமிலுள்ள தின்ஜானிலிருந்து குன்மிங் வரை ஏறத்தாழ 500 மைல். நடுவே 15,000 அடியும் அதற்கு மேலும் உயர்ந்த மலைகள். ஆங்கிலத்தில் இவ்வழிக்கு ஏற்பட்ட பெயரை நான் ‘திமில்’ என்றே பெயர்க்கிறேன். காளையின் திமிலைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டா. 1941 நவம்பரிலேயே இக்கம்பெனியார் இவ்வழியை ஆராய்ந்து பார்த்திருந்தனர். அமெரிக்க இராணுவ விமானங்கள் பெருந்தொகையாக வந்தது பிறகுதான். அஸ்ஸாமின் விமானத்தளங்களை அமைப்பதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பு மிகுதி. போகும்போது பெட்ரோல், படைக்கலம், அச்சிட்ட சீன நோட்டுகள். வரும்போது தகரம், டங்ஸ்டன் உலோகம், தூரிகை செய்வதற்கான பன்றி மயிர். மலைமேல் வீசும் கடுங்காற்றும், சிறகில் படியும் பனிக்கட்டியும் பகைவனைக் காட்டிலும் கொடியவை. இக்கம்பெனியின் விமானங்கள் 38,000 முறைக்குமேல் திமிலைக் கடந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

1943 மார்ச்சு 11-ஆம் நாள் 53-ஆம் எண் விமானம் குன்மிங்கிலிருந்து திரும்புகையில் மலைமேல் வீழ்ந்து, அதிலிருந்த மூவரும் மாண்டனர். அதன் உடைந்த உடல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1990-களில்தான் பர்மா எல்லையருகே கண்டெடுக்கப்பட்டது. யுன்னான் மாகாணத்தின் பியன்மா என்னும் ஊரில் அதனைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் ஒப்பந்தம் மாறி, அமெரிக்கப் பங்கு நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது. 1947-இல் பசிபிக் கடலைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ வரை விமானங்கள் சென்றன. ஆனால் உள்நாட்டுப் போர் மூண்டு, ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைமாற, கம்பெனி 1949-இல் ஹாங்காங்கில் ஒதுங்கியது. யார் பக்கம் சேர்வது என்ற கேள்வியை ஒவ்வொரு பணியாளும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் காலையில், இக்கம்பெனியின் 10 விமானங்களும், மற்றொரு கம்பெனியான மத்திய விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் இரண்டும் ஹாங்காங்கை விட்டுப் புறப்பட்டு, பீகிங்கிலும் டியன்ட்சினிலும் இறங்கிப் புதிய அரசாங்கத்தோடு சேர்ந்தன.

இரு கம்பெனிகளுக்கும் உரிய 71 விமானங்கள் ஹாங்காங் கைடாக் தளத்திலேயே நின்றுவிட்டன. அவை யாருக்குரியவை என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1952-இல் தீர்ப்பு அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குச் சாதகமாக வந்தது. வெயிலிலும் மழையிலும் மூன்று ஆண்டளவு நின்ற விமானங்கள் கப்பலேறி அமெரிக்கா சென்றன.

பறந்துபோன விமானங்களும் பணியாளரும் மட்டும் சீனாவின் புதிய விமானத்துறைக்குக் கருவாயினர். 1950 ஆகஸ்டு முதல் நாள் அதன் உள்நாட்டுப் போக்குவரத்துத் தொடங்கியபோது, நிறுத்தங்களுள் ஹாங்காவும் சுங்கிங்கும் இருந்தன.