இரவுக் கழுகு பிறந்த கதை

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் ஜெஞ்சாரோம் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமமாயிற்று. காட்டோரம் பயிரிட்டுப் பிழைத்த சீனக் குடும்பங்களை அதற்குள் குடியேற்றினார்கள். தோட்டப்புறங்களில் நம்மவர்களின் லயங்கள் பலவற்றுக்கும் வேலி வந்தது. அதே 1948-இல், செப்டம்பர் 30 அன்று, இத்தாலியின் மிலான் நகரில் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் பிறந்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வேலி கண்ட ஊரிலிருந்து டெக்ஸைப் படிப்பவனுக்கு, அவன் எவ்வளவு வேகமாகச் சுடுகிறான் என்பதைவிட யார் பக்கம் நிற்கிறான் என்பதுதான் பெரிதாகப் படும்.

கதை எழுதியவர் ஜான் லூயிஜி பொனெல்லி. ஓவியர் அவுரேலியோ கலெப்பினி. பதிப்பகம் அப்போது நம்பியிருந்தது வேறொரு நாயகனை. கலெப்பினி பகலில் அந்தக் கதைக்குப் படம் போட்டார். டெக்ஸுக்கு ராத்திரிதான் மிஞ்சியது. உள்ளங்கையில் அடங்கும் நீளவாட்டுப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம். பொனெல்லி முதலில் வைத்த பெயர் டெக்ஸ் கில்லர். கொலைகாரன் என்று ஒலிக்கிற பெயர் வேண்டாம் என்று பதிப்பகத்தை நடத்திய தேயா பொனெல்லி ஓர் எழுத்தை மாற்றினார். பெயர் மாறியதே தவிர, ஆள் அப்போது சட்டத்துக்குத் தப்பி ஓடுகிறவன்தான். தர்மம் அவனோடு கூடப் பிறக்கவில்லை.

அது வந்த வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நவஹோ செவ்விந்தியர்களிடம் பிடிபட்டு, சித்திரவதைக் கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கிறான் டெக்ஸ். தலைவரின் மகள் லிலித், அவனைத் தன் கணவனாகக் கேட்கிறாள். உயிர் பிழைக்க நடந்த கல்யாணம். ஆனால் அவன் அதை உதறிவிட்டுப் போகவில்லை. மாமனாருக்குப் பின் அந்த மக்களுக்குத் தலைவனாகிறான். 'இரவுக் கழுகு' என்று பெயர் பெறுகிறான். கிட் என்றொரு மகன் பிறக்கிறான். பிறகு, காசுக்காக எதையும் செய்யத் துணிந்த வெள்ளை வியாபாரிகள் அம்மைக் கிருமி ஏறிய கம்பளிகளை நவஹோக்களிடம் தள்ளிவிடுகிறார்கள். குடிசை குடிசையாகச் சாவு. லிலித்தும் போய்விடுகிறாள். மனைவியின் சமாதிமுன் டெக்ஸ் சபதம் எடுக்கிறான்.

அதன்பின் அவன் நடத்தை அத்தனைக்கும் வேர் அங்கேதான் என்பேன். சட்டக் காவலனான ரேஞ்சரின் சின்னம் சட்டைப்பையில் இருந்தாலும், ஊழல் அதிகாரியையும் திமிர் பிடித்த ராணுவத் தளபதியையும் எதிர்க்கத் தயங்குவதில்லை. நிராயுதபாணியைச் சுடுவதில்லை. வெள்ளைக்காரனுக்குக் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்போ, செவ்விந்தியனுக்குக் கொடுத்ததற்கும் அதே மதிப்பு. கிட் கார்சன் என்ற வெள்ளையரும் டைகர் ஜாக் என்ற நவஹோ வீரனும் அவனுக்குச் சமமான தோழர்கள். பிடிபட்டவனை அடித்து உண்மையைக் கறக்கிற பழக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அவ்வளவு நேர்மையான ஒருவனுக்கு அது அழகல்ல.

தமிழுக்கு அவனைக் கொண்டுவந்தது சிவகாசி. 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், மறு ஆண்டே 'தலை வாங்கிக் குரங்கு' கதையில் அவனை இறக்கியது. ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது இருபது வயதைத் தொடாதவர். இன்று தமிழ் வாசகர்களுக்கு மஞ்சள் சட்டைக்காரன் 'தல'. தீபாவளி மலரில் அவன் இல்லாவிட்டால் கடிதம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு டெக்ஸை அறிமுகப்படுத்துகிறவர்கள் துப்பாக்கிச் சண்டைக் கதையை எடுத்துக் கொடுக்கிறார்கள். முதலில் லிலித்தைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் கம்பளிகள் எப்படி வந்தன, யார் விற்றார்கள் என்று சொல்லுங்கள். சண்டைப் பக்கங்களை அவர்களே புரட்டிக்கொள்வார்கள்.