கருவாட்டின் குடல்: சோழமண்டலக் கரையில் மீன் பதப்படுத்தலும் ஷாஃபி சட்டமும்

இஸ்லாமியச் சட்டத்தில் மீனுக்கு அறுப்பு கிடையாது. கடல் வேட்டையைக் குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 96ஆம் வசனம் ஆகுமாக்கிவிட்டது. பிடித்தவர், உப்பிட்டவர் எந்த மதத்தவர் என்ற கேள்வியும் எழுவதில்லை. மண்டபத்தூர் முதலான காரைக்காலின் 11 மீனவக் கிராமங்களில் பட்டினவர் பெண்கள் காயவைக்கும் கருவாடு மரைக்காயர் வீட்டு அடுப்புக்குத் தடையின்றிப் போக இதுவே வழி செய்தது. கருவாட்டில் ஹலால் பிரச்சினையே இல்லை என்று உணவுத் தொழில்நுட்ப நூல்கள் கடந்துபோவதும் இதனால்தான். ஆனால் சட்ட நூல்கள் அப்படிக் கடந்துபோகவில்லை.

16ஆம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த ஜைனுத்தீன் மக்தூமின் ‘ஃபத்ஹுல் முஈன்’ ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) பாடநூல். உப்பிட்ட மீனை அது நேரடியாகவே விவாதிக்கிறது. குடலை எடுக்காமல் உப்பிட்ட மீன் கூடாது என்பது ஒரு கருத்து. சிறு மீனை வயிற்றில் உள்ளதோடு உண்ணலாம், அதைச் சுத்தம் செய்வது சிரமம் என்பது ராஃபிஈ, நவவீ ஆகியோரின் சலுகை. நெத்திலி முழுசாகக் காய்வதும் வஞ்சிரம் வயிறு கீறப்படுவதும் இந்தப் பிரிவுக்குள் அப்படியே பொருந்துகின்றன. நெத்திலியை முழுசாகக் காயவைப்பது மீனவர் ஃபிக்ஹு (சட்டவியல்) படித்ததால் அல்ல. மலையாளக் கரையில் வாழ்ந்த அறிஞர், கண்ணெதிரே நடந்த தொழிலை மனத்தில் வைத்தே பழைய தீர்ப்புகளைத் தேர்ந்திருப்பார் என்பது என் ஊகம்.

உப்பு வேறு கதை. 1815 உடன்படிக்கையில் பிரெஞ்சு அரசு தன் பகுதிகளின் உப்பை வாங்கும் உரிமையை ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தது. காரைக்கால் உப்பும் அதில் அடங்கியது. சென்னை மாகாணத்தில் உப்பு வரி ஏற ஏற, மீனவர் உப்பைக் குறைத்தனர், கருவாடு கெட்டது. 1870களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இதைச் சுட்டிக்காட்டினார். பின்னர் அரசு, மீன் உப்பிடும் களங்களில் வரியில்லா உப்பு தந்தது. 1907இல் அமைந்த சென்னை மீன்வளப் பணியகத்தை நடத்திய பிரெடரிக் நிக்கல்சன், பொன்னானிக்கு அருகிலுள்ள தானூரில் பதப்படுத்தும் சோதனைகளை நடத்தினார். மீன் பிடிபட்டதும் குடலை நீக்கிக் கழுவ வேண்டும் என்ற சுகாதார விதி, மக்தூம் நின்ற இடத்துக்கே வேறு வழியில் வந்து சேர்ந்தது.

அடுத்த திருப்பம் உலர்த்தியில் வந்தது. கடற்கரை மணலில் பரப்பிய மீனில் ஈ முட்டையிடும், மணல் ஒட்டும், நாயும் காகமும் பங்கு கேட்கும். மூங்கில் கால்களில் வலை கட்டிய பரண், காற்றைக் கீழிருந்தும் விட்டு மணலை ஒழித்தது. 1977இல் வங்கதேச அனுபவத்திலிருந்து வெளிவந்த பாலித்தீன் கூடாரம் கறுப்புத் தரையால் வெயிலை வாங்கி உள்ளே வெப்பத்தைக் கூட்டும். ஈயின் புழுக்கள் அதில் சாகும். 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம், சூரிய வெப்பத்தோடு மின்சாரத்தையோ எரிவாயுவையோ துணைக்கு வைக்கும் உலர்த்திகளை வடிவமைத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை மட்டும் நம்ப முடியாத காவிரிக் கரைக்கு இந்தத் துணை வெப்பம் அவசியம்.

கூடாரமும் உலர்த்தித் தட்டும் ஹலால் கேள்விக்கு இன்னொரு வகையில் உதவும். தமிழ் முஸ்லிம்களில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி; அந்த மத்ஹபில் மீன் தவிர்ந்த கடல் உயிரி ஆகாது, இறாலில் கருத்து வேறுபாடு உண்டு, கணவாய்க்கு இடமில்லை. மணலில் எல்லாம் கலந்து காயும். தட்டில் கணவாயைத் தனியே வைக்கலாம்.

ஆனால் இந்தக் கருவிகள் யாவும் காயவைப்பதைப் பற்றியே சிந்தித்தன. குடல் நீக்கும் மேசை, ஓடும் தண்ணீர், கழிவு வாங்கும் தொட்டி ஆகியவற்றுக்கு யாரும் அந்த அளவு மூளையைச் செலவிடவில்லை. மக்தூமும் நிக்கல்சனும் கைவைத்த இடம் இன்னும் தரையில் உட்கார்ந்த பெண்ணின் அரிவாள்மணையிலேயே இருக்கிறது.