பேச்சு மருந்தான கதை

அரக்கோணம் ஜங்ஷனில் காட்பாடிக்கு ரயில் ஏறுகிறவர் கையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தால், எதிர் சீட்டுக்காரர் ‘உடம்புக்கு என்னங்க?’ என்று கேட்காமல் விடமாட்டார். சர்க்கரை, முட்டிவலி, கிட்னியில் கல் என்று பதில் வரும். ‘மனசு சரியில்லை, பேசிட்டு வரப் போறேன்’ என்று யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், ‘பேசுறதுக்கு எதுக்குங்க டாக்டரு?’ என்பார்கள்.

இதற்கான பதில் வியன்னாவில் ஒரு நோயாளியின் வாயிலிருந்து வந்தது. 1880-ல் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயதுப் பெண், படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானும் நோயில் விழுந்தாள். கை கால் மரத்தது, பார்வை தடுமாறியது. ஒரு கட்டத்தில் தாய்மொழி ஜெர்மன் மறந்து ஆங்கிலம் மட்டுமே வந்தது. டாக்டர் ஜோசப் பிராயர் வந்து உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டார். மனதில் கிடந்ததைச் சொல்லி முடித்தால் அவளுக்குப் பாரம் குறைந்தது. அதற்கு ‘டாக்கிங் க்யூர்’ என்று அவளே பெயர் வைத்தாள். வேடிக்கையாக, புகைக்கூண்டில் கரி சுரண்டுவது என்றும் சொன்னாள்.

1895-ல் பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரில் இந்தக் கதையைப் புத்தகமாக்கினார்கள். பேச்சோடு அவள் நோய் தீர்ந்துவிடவில்லை. பிராயரின் சிகிச்சை முடிந்த 1882-க்குப் பிறகும் மருத்துவ விடுதியில் இருக்க வேண்டி வந்தது. தேறி வந்தபின் சமூக சேவையில் இறங்கி, 1904-ல் யூதப் பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கினாள்.

வியன்னாவில் அந்த அறையில் இரண்டே பேர். நம் நாட்டில் அறைக்குள் வீடே வந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் சொந்தக்காரர்களையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். நமக்குப் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் நோயாளியோடு வீட்டாரும் தங்குவதையே சிகிச்சையின் பகுதியாக்கியது. 1963-ல் இந்த முறை அமெரிக்க மனநல மருத்துவ இதழில் கட்டுரையாக வெளிவந்தது. காரணம் எளிது: நோயாளி திரும்பிப் போவது அந்த வீட்டுக்குத்தான். ‘சோம்பேறி’, ‘நடிக்கிறான்’ என்று திட்டிய வாய்க்கு நோய் என்னவென்று புரியாவிட்டால், தேறியவர் திரும்பவும் படுத்துவிடுவார்.

இன்று கவுன்சிலிங் போகிறவருக்கு என்ன நடக்கும்? முதல் நாள் கேள்விகள்தான்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எப்போதிலிருந்து இப்படி, சாக வேண்டும் என்று தோன்றியதா. பொதுவாக ஒரு சந்திப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, வாரம் ஒன்று. பிரச்சினையைப் பொறுத்து ஆறிலும் முடியலாம், இருபதுக்கும் போகலாம். ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று பெரியப்பா மாதிரி தீர்ப்பு வராது. நினைப்பு எங்கே சிக்கிச் சுற்றுகிறது என்று பார்க்க உதவுவார்கள், வீட்டில் செய்து பார்க்கச் சிறு பயிற்சி கொடுப்பார்கள். முதல் சில வாரங்களில் அழுகை கூடலாம். ஆறாத புண்ணைத் தொட்டால் வலிக்கத்தானே செய்யும். சிலருக்கு மாத்திரையும் சேர்த்துத் தேவைப்படும். ஒருவரோடு பேச்சு ஒட்டவில்லையென்றால் வேறொருவரிடம் மாறிக்கொள்ளலாம், தப்பில்லை.

பேசியது வெளியே போகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வார்கள்.

வேலூர் வரை போக முடியாதவர்கள் போனை எடுக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. காசில்லை, தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை ரயிலில் யாராவது ‘பேசிட்டு வரப் போறேன்’ என்றால், ‘நல்லது, போயிட்டு வாங்க’ என்று மட்டும் சொல்லுங்கள்.